இருநூறு முறை கடப்பவர் யார்?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தைத் தாண்டி வேலூர் சாலையில் வடக்கே போனால், சிறிது தூரத்திலேயே இனாம்காரியந்தல் டோல்கேட் குறுக்கிடும். நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு சுங்கச்சாவடியா என்ற மனக்குறை உள்ளூரில் நெடுநாளாக உண்டு. அந்த வழக்கு இங்கே வேண்டாம். நான் பார்க்க விரும்புவது வேறொன்று. ஒரே கேட், ஒரே கார். ஆனால் அந்தக் கார் கொடுக்கும் தொகை ஐந்து விதமாக அமையலாம். ஒற்றைப் பயணத்துக்கு ஒரு தொகை. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் ஒற்றைக் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்கு. மாதம் 50 முறை கடக்க ஒரு பாஸ். 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவருக்கு உள்ளூர் பாஸ். ஐந்தாவதாக, 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ்.

முன்கூட்டியே மொத்தமாகக் கட்டு, ஒவ்வொரு முறைக்கும் குறைவாகும் என்பதுதான் எல்லாப் பாஸ்களின் பேச்சும். பனிச்சறுக்கு மலைகளில் அரைப் பருவத்துக்கு விற்கும் சலுகைச் சீட்டிலிருந்து நம்மூர் ரயில் சீசன் டிக்கெட் வரை இதில் மாற்றமில்லை. வாங்கலாமா என்று கேட்டால் கூட்டிப் பெருக்கிப் பார் என்பார்கள். பெருக்கல் எளிது. எதை எதோடு பெருக்குவது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

ஆண்டு பாஸை 2025 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். அறிமுக விலை ₹3,000. இந்தக் கட்டுரையின் கணக்குகள் அந்த விலையை வைத்துத்தான். ஓராண்டு அல்லது 200 கடப்பு, எது முந்துகிறதோ அதோடு பாஸ் முடியும். சொந்த உபயோகத்துக்கான கார், ஜீப், வேன் மட்டுமே இதற்குத் தகுதி. தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச் சாலைகளிலும் செல்லும். மாநில அரசு வசூலிக்கும் சாலைகளில் செல்லாது. நம் பக்கத்து டோல்கேட்டுகள் பெரும்பாலும் கடக்கும்போதே கட்டணம் எடுப்பவை. ஆகவே போவது ஒன்று, வருவது ஒன்று. போய்வந்தால் 200-இல் இரண்டு கழியும். பாஸ் ஒரு வண்டிக்கு உரியது. இன்னொரு வண்டிக்கு மாற்ற முடியாது, கட்டிய பணமும் திரும்பாது.

மூவாயிரத்தை இருநூறால் வகுத்தால் பதினைந்து. கேட்டுக்கு வெறும் ₹15 என்று அறிவிப்பு நாளிலிருந்து எல்லோர் வாயிலும் இருந்த எண் இதுதான். ஆனால் 200 முறையும் கடந்தவருக்கு மட்டுமே அது பதினைந்து. நூறு முறை கடந்தவருக்கு ₹30, ஐம்பதோடு நின்றவருக்கு ₹60. பாஸின் விலையை விற்பவர் எழுதுகிறார்; ஒரு கடப்பின் விலையை வாங்குபவரின் ஆண்டுதான் எழுதுகிறது. அது தெரிவது ஆண்டு முடிந்த பிறகு.

கணக்குக்காக ஒரு டோல்கேட்டில் காருக்கு ஒற்றைக் கட்டணம் ₹60 என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் கேட்டுக்குக் கேட் கூடும், குறையும். ஏப்ரல் தோறும் மாறும். நம் பகுதிக்கு இது பெரிதாகத் தவறாத எண்.

முதலில் வேங்கிக்கால்காரர். 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் இவருக்கு ஒரு தனிச் சலுகை வைத்திருக்கின்றன. கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர், வணிகத்துக்கல்லாத தன் வண்டிக்கு மாதப் பாஸ் எடுக்கலாம். 2007–08-ஐ அடிப்படையாகக் கொண்டு மாதம் ₹150 என்று தொடங்கிய தொகை, ஆண்டுதோறும் ஏறி 2025–26-இல் ₹350 ஆனது. அந்த மாதத்தில் எத்தனை முறை கடந்தாலும் அதே ₹350. அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர் மாதம் 24 நாள் போய்வந்தால் 48 கடப்பு. ஒரு கடப்புக்கு ஏறக்குறைய ₹7. ஆண்டு பாஸ் இவருக்கு ஆகாது. 200 கடப்பு நான்கு மாதத்திலேயே கரைந்துவிடும். ஆண்டு முழுக்க ஓட்ட மூன்று பாஸ், ₹9,000. உள்ளூர் பாஸில் பன்னிரண்டு மாதமும் எடுத்தாலும் ₹4,200-தான்.

உள்ளூர் பாஸில் இன்னொரு நன்மை உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. அது மாதக் கணக்கு. பள்ளி ஆசிரியர் மே மாதம் எடுக்க வேண்டியதில்லை. வண்டி பட்டறையில் கிடக்கும் மாதமும் அப்படியே. மாதத்தில் நான்கு முறை போய்வந்தாலே போட்ட பணம் வந்துவிடும்; வராது என்று தெரிந்தால் அந்த மாதம் சும்மா இருந்துவிடலாம். ஆண்டு பாஸில் அந்த வழி கிடையாது.

போளூரிலிருந்து தினம் கலெக்டர் அலுவலகம் வரும் ஊழியரின் நிலை வேறு. போளூர் திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கேட் திருவண்ணாமலைப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. 20 கிலோமீட்டர் வரம்பு அவர் வீடு வரை எட்டுமா என்பதே முதல் கேள்வி. எட்டாவிட்டால் உள்ளூர் பாஸ் இல்லை. அப்போது ஆண்டு பாஸ் அவருக்குப் பெரும் வரவு. அன்றாடம் போய்வரும் சலுகைக் கட்டணத்தில் அவர் ஆண்டுக்குக் கட்டக்கூடியது ₹25,000-ஐத் தாண்டும். ஆண்டு பாஸ் மூன்று வாங்கினால் ₹9,000. விளம்பரத்தின் ₹15 இவர் விஷயத்தில் அப்படியே உண்மை. இவருக்குப் பாஸ் பலிப்பதற்குக் காரணம் இவருடைய கெட்டிக்காரத்தனமல்ல. இவருடைய நாட்களை அலுவலக வருகைப் பதிவேடு முடிவு செய்கிறது. எத்தனை முறை கடப்பேன் என்று இவர் ஊகிக்கத் தேவையில்லை.

இதற்கு நடுவில் பழைய 50 முறை மாதப் பாஸ் என்னவாயிற்று? விதிப்படி அதன் விலை 50 ஒற்றைக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ₹60 கணக்கில் அது ₹2,000; ஐம்பதையும் கடந்தால் ஒன்றுக்கு ₹40. ஆண்டு பாஸ் வந்த நாளே சொந்தக் காருக்கு அது அர்த்தமிழந்துவிட்டது. ஆனாலும் அது ஒழிந்துபோகவில்லை. யாருக்காக மிஞ்சியிருக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது பௌர்ணமிக்கு வருவோம். இந்த ஊரின் போக்குவரத்தைப் பேசிவிட்டு அதைப் பேசாமல் விட முடியாது. சென்னையிலிருந்து மாதந்தோறும் காரில் வந்து, 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துத் திரும்பும் குடும்பங்கள் நிறைய. பரனூர், ஆத்தூர் கடந்து, திண்டிவனத்தில் திரும்பி, செஞ்சி வட்டாரத்து நங்கிலிகொண்டானையும் தாண்டி வந்தால் மூன்று டோல்கேட். போய்வந்தால் ஆறு கடப்பு.

ஒரு பௌர்ணமியும் தவறாத பக்தர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு பௌர்ணமிக்கு 72 கடப்பு. 200-இல் பாதியைக்கூட அவர் தொடவில்லை. அவருக்கு ஒரு கடப்பு ஏறக்குறைய ₹42 விழுகிறது. அப்படியும் ₹60-ஐவிடக் குறைவுதானே, லாபம்தானே என்று தோன்றும். இங்கேதான் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது வருகிறது. கிரிவலம் வருபவர் பெரும்பாலும் மாலையில் கிளம்பி, இரவு நடந்து, மறுநாள் காலையில் வீடு சேர்கிறார். 24 மணி நேரத்துக்குள் திரும்பிவிடுவதால், பாஸ் இல்லாமலேயே அவருக்குத் திரும்பும் பயணத்தில் பாதிக் கட்டணம். அவர் கட்டுவது கேட்டுக்கு ₹120 அல்ல, ₹90. மூன்று கேட்டுக்கு ₹270. பன்னிரண்டு மாதத்துக்கு ₹3,240.

ஆக, ஓராண்டு ஒரு பௌர்ணமியும் தவறாமல் வந்தவருக்குப் பாஸ் மிச்சம் பிடித்துக்கொடுப்பது ₹240. ஒரே ஒரு பௌர்ணமியைத் தவறவிட்டால், பதினொரு தடவைக்கு ₹2,970. பாஸ் வாங்கியவர் ₹30 கைநஷ்டத்தில் நிற்கிறார். வீட்டில் ஒரு காய்ச்சல், பிள்ளைக்கு ஒரு தேர்வு, ஒரு தீட்டு போதும். நான்கு மாதம் விடுபட்டால் நஷ்டம் ₹840. பதின்மூன்று பௌர்ணமி வரும் ஆண்டில் கணக்கு சற்றுத் தேறும். 2026 அப்படியோர் ஆண்டு, மே மாதத்திலேயே இரண்டு பௌர்ணமி. தவறாமல் வந்தால் ₹510 மிச்சம். ஆனால் பதின்மூன்றும் தவறாமல் வரவேண்டும்!

இதில் ஒரு முரண் இருக்கிறது. இதே பக்தர் மறுநாளே திரும்பாமல் இரண்டு இரவு தங்கிப் போகிறவராக இருந்தால், திரும்பும் சலுகை அவருக்குக் கிடையாது. அப்போது ஒரு பயணத்துக்கு ₹360. ஒன்பதாவது பயணத்தில் பாஸ் தன் விலையைத் தந்துவிடுகிறது. ஒரே வழி, ஒரே எண்ணிக்கை, ஆனால் தங்கும் இரவு கணக்கையே புரட்டிவிடுகிறது. விற்பவர் சொல்லும் மிச்சம் எப்போதும் முழுக் கட்டணத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் மிச்சம். நாம் ஏற்கெனவே முழுக் கட்டணம் கட்டாதவராக இருந்தால் அந்த மிச்சத்தில் ஒரு பகுதி வெறும் காகிதத்தில்தான்.

இந்த வியாபாரத்தைக் கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கப் பனிச்சறுக்கு மலைக்காரர்கள். நமக்குப் பனிமலை தூரம். ஆனால் அவர்கள் முறையிலிருந்து டோல்கேட்டுக்கு வெளிச்சம் விழுகிறது. வெயில் ரிசார்ட்ஸ் என்ற நிறுவனம் 2008-இல் எபிக் பாஸ் என்ற பருவச் சீட்டை 579 டாலருக்குக் கொண்டுவந்தது. பனி விழுமுன்பே, பருவம் தொடங்கப் பல மாதம் இருக்கும்போதே விற்பனை நடக்கும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். அந்த ஆண்டு பனி பெய்யாமல் போனாலும் மலைக்காரர் கைக்குக் காசு வந்தாயிற்று. வானிலையின் அபாயம் வாங்கியவர் தலைக்கு மாறிவிடுகிறது. சலுகை என்பது அந்தச் சுமையைச் சுமப்பதற்கான கூலி. விலை குறைந்த சீட்டுகளில் கிறிஸ்துமஸ் போன்ற கூட்ட நாட்கள் விலக்கப்பட்டிருக்கும். கார்த்திகை தீபத்தன்று செல்லாது என்று ஒரு திருவண்ணாமலை பாஸ் விற்பதற்குச் சமம். ஆண்டு பாஸில் அப்படி விலக்கு நாள் எதுவும் இல்லை. இதை அதன் நேர்மை என்றே நான் கருதுகிறேன்.

பனிச்சறுக்கு மனிதர்களைப் பற்றி இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. 1985-இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு கற்பனைக் கேள்வி கேட்டார்கள். மிச்சிகனில் பனிச்சறுக்குப் பயணத்துக்கு 100 டாலர் கட்டிவிட்டீர்கள், விஸ்கான்சினில் இன்னொன்றுக்கு 50 டாலர். இரண்டும் ஒரே வார இறுதியில் வருகிறது, பணம் திரும்பாது. விஸ்கான்சின்தான் அதிக மகிழ்ச்சி தரும் என்றும் உங்களுக்குத் தெரியும். எதற்குப் போவீர்கள்? பாதிக்கும் மேற்பட்டோர் மிச்சிகன் என்றார்கள். மகிழ்ச்சியைவிடக் கட்டிய காசு அவர்களை இழுத்தது. அதே ஆய்வாளர்கள் ஓஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கின் பருவச் சீட்டுகளிலும் நிஜமாகச் சோதித்தார்கள். 15 டாலர் முழு விலை கொடுத்தவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. கட்டிய காசின் உறுத்தல் ஆறு மாதத்தில் ஆறிவிடுகிறது.

டோல்கேட்டில் இந்த உறுத்தல் ஆபத்தானது. பாஸ் இருக்கிறதே, காரிலேயே போய்விடுவோம் என்று ஒரு கூடுதல் பயணம் கிளம்பினால் போதும். சென்னை போய்வர ஏறத்தாழ 400 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் ₹100 என்று வைத்தால் எண்ணெய்க்கே ₹2,600-க்கு மேல் போகிறது. ஒரு பயணத்தில் மிஞ்சிய சுங்கம் அதில் பத்தில் ஒரு பங்குதான். சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வரை ஓடிய ரயிலை 2024 மே 2 முதல் திருவண்ணாமலைக்கு நீட்டியபோது அதன் கட்டணம் ₹50. தனியாக வருபவருக்கு எந்தப் பாஸும் அதை வெல்லாது.

அந்த ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுக்கலாமா என்றால், முடியாது. சீசனின் எல்லை 150 கிலோமீட்டர், இது இருநூறைத் தாண்டுகிறது. குறைந்த தூரம் போய்வருபவருக்கு இந்திய ரயில்வேயின் சீசன் டிக்கெட்டைப்போல் தாராளமான பாஸ் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. மாதச் சீசனின் விலை ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணக் கட்டணம். எட்டு நாள் வேலைக்குப் போய்வந்தால் முதல் வந்துவிட்டது. மீதி நாட்கள் இலவசம். 2014 ஜூன் 20 அன்று சதானந்த கவுடா ரயில்வே அமைச்சராக இருந்தபோது கட்டண உயர்வை அறிவித்தார்கள். சீசனையும் 30 பயணக் கணக்குக்கு மாற்றுவது அதில் ஓர் அம்சம். பலருக்கு அது இரட்டிப்பு. மும்பையில் எழுந்த எதிர்ப்பில் நான்கே நாளில், ஜூன் 24 அன்று, பழைய 15 கணக்குக்கே திரும்பினார்கள். இது வியாபாரச் சலுகையல்ல, வேலைக்குப் போகும் மக்களுக்கான மானியம் என்பதை அந்த நான்கு நாள் காட்டியது.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூன்று மாதச் சீசன் மாதச் சீசனைப்போல் 2.7 மடங்கு. ஆறு மாதத்துக்கு 5.4, ஓராண்டுக்கு 10.8. பெருக்கிப் பாருங்கள்: மூன்றிலும் தள்ளுபடி அதே பத்து சதவீதம். மூன்று மாதத்துக்கு மேல் பணத்தை முன்கூட்டிக் கட்டுவதில் ஒரு காசு கூடுதல் லாபமில்லை. வேலை மாறினால், வீடு மாறினால் நஷ்டம் மட்டுமே கூடும். வரிசையில் நிற்கும் அலுப்புக்காக ஓராண்டுச் சீசன் எடுப்பவரைக் குறை சொல்ல மாட்டேன். மிச்சத்துக்காக எடுக்கிறேன் என்றால் ஒப்ப மாட்டேன்.

தவறாமல் போவேன் என்ற நம்பிக்கையின் விலையை நன்றாக அளந்த ஆய்வு உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்தது. ஸ்டெஃபானோ டெல்லாவிஞ்ஞா, உல்ரிகே மால்மெண்டியர் இருவரும் 2006-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் மூன்று கூடங்களின் 7,752 உறுப்பினர்களின் வருகையை எடுத்துப் பார்த்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் 4.3 முறையே வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே கூடத்தில் பத்து வருகைக்கான பாஸ் கிடைத்தது. அதில் ஒரு வருகை 10 டாலர். வாங்கியவர்கள் முட்டாள்கள் அல்ல. வரப்போகும் மாதத்தின் தம்மைப் பற்றித் தமக்கே கூடுதல் நம்பிக்கை வைத்தவர்கள்.

எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது அந்தப் பத்து வருகைப் பாஸ். சின்னப் பொட்டலம். அது இருந்ததால்தான் இழப்பு எவ்வளவு என்று அளக்கவே முடிந்தது. பனிமலைக்காரர்களும் பின்னாளில் அந்த வழிக்கு வந்தார்கள்: வெயில் ரிசார்ட்ஸ் ஒரு நாள் முதல் ஏழு நாள் வரை வாங்குபவரே எண்ணிக்கை சொல்லி எடுக்கும் சீட்டை விற்கிறது. நம் ஆண்டு பாஸில் இருப்பது 200 என்ற ஒரே மூட்டை. தள்ளுபடி நிஜம், ஆனால் அது யாருக்குப் போய்ச் சேரும் என்பதைத் தள்ளுபடியின் விகிதம் தீர்மானிக்கவில்லை, மூட்டையின் அளவு தீர்மானிக்கிறது. ஆண்டுக்கு நான்கு முறை சொந்த ஊருக்கு வரும் சென்னைக் குடும்பத்துக்கு 24 கடப்பு. முழுக் கட்டணம் கட்டினாலும் ₹1,440. அவர்கள் ₹3,000 கொடுத்து வாங்கினால் ₹15 என்ற எண்ணுக்காக ஒரு கடப்புக்கு ₹125 கொடுத்தவர்களாகிறார்கள்.

நகரப் பேருந்தில் இந்தத் தலைவலியெல்லாம் இல்லாத பாஸ் ஒன்று 2021 மே மாதம் வந்தது: சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். வேங்கிக்காலிலிருந்து திருவண்ணாமலைக்குப் பூ விற்கப் போகும் அம்மா எத்தனை நாள் போவோம் என்று எண்ண வேண்டியதில்லை. போகாத நாளில் அவருக்கு எதுவும் வீணாவதில்லை.

டோலில் அவரைப்போல் எண்ணாமல் இருக்க முடியாதவர் கோயில் வாசலிலேயே நிற்கிறார். திருவண்ணாமலையின் டி போர்டு டாக்சிக்காரர் சென்னை விமான நிலையத்துக்கும் வேலூருக்கும் பெங்களூருக்கும் ஓயாமல் ஓடுகிறார். 200 கடப்பை நிஜமாகவே தீர்க்கக்கூடியவர் இந்த ஊரில் முதலில் அவர்தான். அவருக்கு ஆண்டு பாஸ் கிடையாது, வண்டி வணிக வாகனம் என்பதால். உள்ளூர் மாதப் பாஸும் அதே காரணத்தால் இல்லை. சொந்த மாவட்டக் கேட்டில் வணிக வண்டிக்கு ஒரு சலுகை இருந்தாலும், வெளிமாவட்டக் கேட்டுகளில் அவருக்கு மிஞ்சியது அந்தப் பழைய 50 முறைப் பாஸ். ஐம்பதும் தீர்ந்தால்கூட ஒன்றுக்கு ₹40. அதே கேட்டில், அதே மாதிரிக் காரில், ஓன் போர்டு வைத்து அவருக்குப் பின்னால் வருபவர் கொடுப்பது ₹15. டாக்சியின் சுங்கத்தை வாடகையோடு சேர்த்துக் கொடுப்பவர் பயணிதான். சொந்தக் கார் வாங்க வசதியில்லாமல் குடும்பத்தோடு கிரிவலத்துக்கு வாடகை வண்டி பிடிப்பவர்.

ஐம்பது கடப்புக்கு ₹1,000 என்று ஒரு பாஸ் விற்றால் ஒன்றுக்கு ₹20 ஆகும். பௌர்ணமி பக்தர் எட்டு முறை வந்தாலே அதன் விலையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பயன் எடுத்துவிடுவார். அதை டி போர்டுக்கும் திறந்துவிட்டால் வசூல் குறையும் என்பார்கள். குறையும்தான். எவ்வளவு குறையும் என்று பார்ப்பதற்கான கணக்கு ஃபாஸ்டேக் வந்த பிறகு ஒவ்வொரு கேட்டிலும் வண்டி வண்டியாகப் பதிவாகிக்கொண்டிருக்கிறது.